ஐந்து பேர் முன்னால் வாசித்தது

1

வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும்:

செல்லத்தாய்: அடுப்படி நிலைவாசலில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.
ஒச்சம்மாள்: கட்டிலில். முட்டியை மடக்க முடியாது.
முனியாயி: கட்டிலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, மடியில் முருங்கைக்கீரை.
காளை, செல்லத்தாயின் வீட்டுக்காரர்: வாசல்படியில், முதுகு எங்கள் பக்கம்.
பாண்டிமீனா, இவர்களின் ஒரே மகள்: போனில். போன் அரிசிச் சம்படத்தின் மேல், சுவரில் சாய்த்து.
தாமரைச்செல்வியாகிய நான்: பாயில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், தாள்களுடன்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. இடம், கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் செல்லத்தாயின் வீடு. பாண்டிமீனா இருக்கும் ஜெர்மனியில் அப்போது காலை பதினொன்றரை.

கதை இப்படி ஆரம்பிக்காது என்று எனக்கும் தெரியும். வேறு மாதிரியும் ஆரம்பித்துப் பார்த்தேன்.

'அன்று விடிந்தபோது செல்லத்தாயின் மனத்தில் இனம்புரியாத

(விடிந்தபோது நான் அங்கே இல்லை. இனம் புரியாததை நான் எப்படி எழுதுவது?)

'கடல் கடந்து படிக்கப் போன மகளுக்கும் கரையில் நின்ற தாய்க்கும் நடுவே

(கொட்டாம்பட்டியில் கரை ஏது?)

'அறுந்த நூலைப் போல

(நூல் மில்லில் வேலை பார்க்கிற எவளும் நூலை உவமையாகச் சொல்லமாட்டாள். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், அவ்வளவுதான்.)

மூன்றையும் அடித்தேன். கிழிக்கவில்லை. நான் பன்னிரண்டாவது வரை படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே எனக்கு ஒழுங்காக வந்தது ஒன்றே ஒன்று, கடிதம் எழுதுதல். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. எங்கள் ஷிப்டுப் பெண்களுக்கு லீவு லெட்டர், பி.எஃப். மனு, ரேஷன் கார்டு மனு எல்லாம் நான்தான் எழுதுகிறேன். கதை இதுதான் முதல் தடவை. ஆகவே இதற்கும் ஒரு பொருள் வைத்துக்கொள்கிறேன்.

பொருள்: செல்லத்தாய் கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்பது தொடர்பாக.

2

எங்கள் மில் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாளிலும் வாசித்துக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. வாசிப்பது ஐந்து பேர் முன்னால். வாசிக்கும் முன் யார் யார், எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். 'யார்' சரி, 'எங்கே' எதற்கு என்று கேட்பீர்கள். முட்டி வலியோடு கட்டிலில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறவளுக்கு, அப்போது காதில் விழுந்ததும் ஞாபகம் இருக்கும். 'நான் அங்கே இல்லை' என்று பின்னால் எவளும் சொல்ல முடியாது.

இந்த வழக்கம் எதனால் வந்தது என்பதுதான் இந்தக் கதைக்கு மூலம். அது என் தப்பிலிருந்து வந்தது. நாலாவது பகுதியில் சொல்கிறேன். அதுவரை தள்ளிப்போட அனுமதி வேண்டும்.

வாசிக்கிறவள் ஐந்தில் சேரமாட்டாள். அன்றைக்கு அதில்தான் முதல் சிக்கல்.

"நாலு பேருதான இருக்கோம்" என்றாள் ஒச்சம்மாள்.

"நான் இருக்கேன்ல பெரியம்மா" என்றது போன்.

"நீ எங்கடி இருக்க? நீ இருக்கிறது சம்படத்து மேல."

"எனக்கு எல்லாம் கேக்குது, தெரியுது. முனியாயி சின்னம்மா கீரையில காம்பைப் போடுது பாருங்க."

முனியாயி காம்பை எடுத்துத் தனியே வைத்தாள். "கண்ணு இருக்கு, காது இருக்கு. ஆளுதேன். சேத்துக்க தாமர."

"சிக்னல் போயிருச்சுன்னா?" என்றாள் ஒச்சம்மாள்.

"எந்திரிச்சுப் போயிட்டான்னு எழுதிருவோம்."

சேர்த்துக்கொண்டேன்.*

* இந்தக் கதையையும் அதே ஐந்து பேர் முன்னால் வாசித்தேன். அவர்கள் சொன்னதை அங்கங்கே உடுக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். இந்த இடத்தில் ஒச்சம்மாக்கா சொன்னது: "நான் என்னமோ புள்ளைய வேணாம்னு சொன்ன மாதிரி எழுதிருக்க. சட்டம் பேசுனேன், அம்புட்டுத்தேன்."

3

பாண்டிமீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் கல்லூரி முடித்தாள். உதவித்தொகை கிடைத்து ஜெர்மனிக்குப் போனாள். உலகத்தில் அங்கங்கே தொழிலாளிகள் எப்படி வேலை பார்க்கிறார்கள், எப்படிச் சங்கம் வைக்கிறார்கள் என்பதுதான் படிப்பு. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று கேட்டதும் ஒச்சம்மாள், "அதுக்கு எதுக்குடி ஃப்ளைட்டு? நம்ம மில் கேட்டுல ஒரு மாசம் நின்னாப் பத்தாதா?" என்று கேட்டாள். மீனா கேட்டிலும் நிற்கவே செய்தாள், ஒரு வகையில். அவள் ஆய்வேட்டில் முதல் அத்தியாயம் எங்கள் மில். இரண்டாவது, செலவுக்காக அவள் வாரத்தில் இரண்டு நாள் பெட்டி ஒட்டப் போகும் ஒரு பெரிய கிடங்கு.

அங்கே இருப்பதை ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவாள். தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தங்களுக்கு ஒரு குழு வைத்துக்கொள்வார்களாம். எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசுகிற கூட்டம் வேலை நேரத்திலேயே நடக்குமாம். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டாம்.

"டீயும் குடுப்பாகளோ?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"காபி, பிஸ்கட்டு."

"அப்ப அது கூட்டமாடி, பொண்ணு பாக்கப் போறதா?"

இப்படிப் பேசிப் பேசி, மகள் கேட்கக் கேட்க, செல்லத்தாய் ஏழு ஞாயிற்றுக்கிழமை மில்லைப் பற்றிப் பேசிவிட்டாள். மகளிடம் பேசுவதாகத்தான் பேசினாள். எட்டாவது வாரம் அது பதினொரு பக்கமாக டைப் ஆகி, கொட்டாம்பட்டி ஜெராக்ஸ் கடைக்கு மெயிலில் வந்தது. கூடவே மூன்று பக்கம் ஒப்புதல் படிவம். அதில் செல்லத்தாய் கையெழுத்துப் போட்டால்தான் முதல் அத்தியாயம் நிற்கும். போடாவிட்டால் அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டும் என்று மீனாவின் பேராசிரியை சொல்லிவிட்டார். கடைசி நாள், அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி.

கையெழுத்துப் போட்ட தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றது ஜெர்மனிக் கல்லூரி. செல்லத்தாய்க்குப் போதாது. "போன்ல புடிச்ச கையெழுத்தை வெட்டி எந்தத் தாள்ல வேணாலும் ஒட்டலாம். மை காஞ்ச தாள்தான் போகணும்" என்று சொல்லிவிட்டாள். தபால் போய்ச்சேரப் பத்து நாளாவது ஆகும். நாங்கள் பாயில் உட்கார்ந்த அன்று தேதி ஒன்பது.

படிவத்தின் முதல் பக்கம் வாசித்தேன். தமிழில் எழுதியவள் மீனா.

"'இந்த ஆய்வின் பங்கேற்பாளராகிய நான்...'"

"பங்கேற்பாளர் யாரு?" என்றாள் முனியாயி.

"செல்லத்தாயக்கா."

"நான் எதுலடி பங்கேத்தேன்? அவ கேட்டா, நான் சொன்னேன்."

"'எனக்கு விளங்கும் மொழியில் இப்படிவம் வாசித்துக் காட்டப்பட்டது. விளங்காத எதிலும் கையொப்பமிட எனக்குக் கட்டாயமில்லை என்பதை அறிவேன்.'"

இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள் செல்லத்தாய். வாசித்தேன். நிலைவாசலை விட்டு எழுந்துவந்து சம்படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். (இடம் மாறினால் அதையும் எழுத வேண்டும். எழுதினேன்.)

"நல்ல வரி. நீயா எழுதுன?"

"ஆமாம்மா. எல்லாப் படிவத்துலயும் இருக்கிறதுதான்."

"நீ பெட்டி ஒட்டப் போறியே, அங்க சேரும்போது கையெழுத்துக் கேட்டாகளா?"

"கேட்டாங்க. பன்னெண்டு பக்கம்."

"எந்தப் பாசையில?"

"ஜெர்மன்ல."

"யாரு வாசிச்சா?"

சிக்னல் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். மீனாவின் முகம் அங்கேயேதான் இருந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்ப எனக்கு ஜெர்மன் சரியா வராது. பின்னாடி வரிசையில ஆளுக நின்னாங்க. எல்லாரும் போட்டாங்க."

முனியாயியின் கை கீரையில் அப்படியே நின்றது. நான் தாளைப் பார்த்தேன். 'பின்னாடி வரிசையில ஆளுக' என்ற அந்தச் சொற்களை நான் கதைக்காகக் கூட்டவில்லை. அவள் அப்படியேதான் சொன்னாள்.

"அதுல என்னா போட்டுருக்குன்னு இன்னைக்காச்சும் தெரியுமா?" செல்லத்தாய் விடவில்லை.

"தெரியும். கூப்பிட்டா வரணும். அப்பறம்... ஆறு மாசத்துல ஒப்பந்தம் தானா முடிஞ்சிரும். முடியிற தேதி முதல் பக்கத்துலயே இருக்கு. போன மாசந்தான் உக்காந்து வாசிச்சேன்."

"தானா முடிஞ்சிருமா?"

"ஆமா."

"அவுக சொல்ல வேணாம், நீ கேக்க வேணாம், அந்தத் தேதி வந்தா நீ வேலைய விட்டுட்டதா அர்த்தம்."

"ஆமாம்மா."

"சேரும்போதே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுத்தான் சேந்திருக்க. தேதியும் போட்டு."

ஒச்சம்மாள் கட்டிலிலிருந்து, "எங்களுக்காச்சும் தேதி போடாமக் குடுத்தானுக" என்றாள்.

செல்லத்தாய் தாள்களை என் மடியிலிருந்து எடுத்து அடுக்கினாள். "மீனா, கேட்டுக்க. அந்தப் பன்னெண்டு பக்கத்தையும் தெரிஞ்ச ஒருத்தர வச்சு, அஞ்சு பேரு முன்னால வாசி. யாரு யாரு எங்க உக்காந்தாகன்னு எழுதி எனக்கு அனுப்பு. வந்தாத்தான் நான் இதுல கையெழுத்துப் போடுவேன்."

"அம்மா, இருபத்தெட்டாந்தேதிக்குள்ள..."

"அது உன் கையில இருக்கு."*

* வாசித்தபோது செல்லத்தாய்: "அம்புட்டு வெறப்பாவா பேசுனேன்?" முனியாயி: "அதுக்கும் மேல."

4

நாலாவது பகுதி வந்துவிட்டது.

'ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு மாலைப்பொழுதில், விதி

விதியெல்லாம் இல்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஷிப்டு முடிந்து வெளியே வரும் வழியில் மேசை போட்டிருந்தார்கள். போனஸுக்குக் கையெழுத்து என்றார்கள். தாள் இங்கிலீஷில் இருந்தது. பதினேழு பேர் வரிசையில் நின்றோம். நான் ஆறாவது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். முதல் வரியில் நீளமாக ஒரு சொல் இருந்தது. கூட்டி வாசிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். வெளியே மில் பஸ் ஹாரன் அடித்தது. எனக்குப் பின்னால் பதினொரு பேர். அவர்களை நிறுத்திவைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போட்டேன்.

அது தேதி போடாத ராஜினாமாக் கடிதம். மறுவாரமே பதினேழு பேரையும் புதிதாகச் சேர்ந்தவர்களாக எழுதிக்கொண்டார்கள். அதே மெஷின், அதே ஷிப்டு. செல்லத்தாய்க்கு ஒன்பது வருட சர்வீஸ் போனது. ஒச்சம்மாளுக்குப் பதினாலு.

அதற்கு அப்புறம்தான் ஐந்து பேர் முன்னால் வாசிக்கும் வழக்கம் வந்தது. ஏற்படுத்தியவள் நான். எதற்காக என்று எவரும் என்னைக் கேட்டதில்லை.

இப்போது மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கையெழுத்து மகள் கையில் இருக்கிறது என்று செல்லத்தாய் சொல்லிவிட்டாலும், வாசிக்க ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தக்கூடாது. செல்லத்தாய் பேசி அச்சான பதினொரு பக்கத்தையும் வாசித்துக்கொண்டு போனேன். ஏழாம் பக்கத்தில் அந்த மேசை வந்தது. போனஸ் வந்தது. பஸ் வந்தது. அதற்கு அடுத்த வரி இப்படி இருந்தது:

'எங்கள்ல யாருக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒருத்தியாச்சும் சொல்லியிருப்பா.'

வாசிக்கிறவள் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. நான் போட்ட விதிதான். வாசித்துவிட்டு நின்றேன்.

"என்னாடி, எழுத்து மங்கலா?" என்றாள் ஒச்சம்மாள்.

"அடுத்த வரிக்குப் போ தாமர" என்றாள் செல்லத்தாய்.

"இது பொய்க்கா."

"என்ன பொய்? எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன்."

"நான் ஆறாவதா நின்னேன். எனக்கு வாசிக்க வரும்."

"நீ நின்ன. நானுந்தேன் நின்னேன். எனக்கு முன்னாடி நின்னவ நீ. 'என்னா எழுதிருக்கு தாமர'ன்னு ஒரு வார்த்தை கேட்டுருந்தா நீ சொல்லிருப்ப. நான் கேக்கல. எனக்கும் பஸ்ஸு."

ஒச்சம்மாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "லீவு லெட்டரு. மூணு வரி. அதை எனக்கு மூணு தடவ வாசிச்சுக் காட்டுறவளப் பாத்து எங்களுக்குத் தெரியாதாடி, எதுக்கு வாசிக்கிறான்னு? ஆறு வருசமா கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம்."

இங்கே நான் அழுததாக ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்துவிட்டேன். அழவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன்.*

திருத்தம் என்று தனித்தாளில் எழுதினேன்: 'பக்கம் 7. எங்களில் ஒருத்திக்கு வாசிக்கத் தெரியும். அவள் வாசிக்கவில்லை. அது நான். தாமரைச்செல்வி.'

"அக்கா, உங்க பேரு வேணாம். சங்கத்துக்கு மனுக் குடுத்து ரெண்டு மாசந்தான் ஆச்சு" என்றாள் மீனா.

ஆமாம், அதைச் சொல்லவில்லையே. எங்களுக்கும் ஒரு சங்கம் வரப்போகிறது. பதிவுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை இன்னார் இன்னார் என்று மில்லுக்குத் தெரியக்கூடாது என்பது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. தெரிந்தால் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்கள். போக முடியாதவள் வேலையை விட வேண்டியதுதான்.

"இருக்கட்டும் மீனா. அந்த வரி என் வரி" என்றேன்.

* முனியாயி: "கண்ணாடியத் தொடச்சது பொய்யில்ல. எதுக்குத் தொடச்சான்னு எழுதல."

5

காளையை இந்தக் கதையில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முழுக் கூட்டத்திலும் அவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. மனைவியும் மகளும் இந்தப் பேச்சுப் பேசும்போது திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு மனிதர். முதுகை வைத்து எவ்வளவு எழுத முடியும்? எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் ஐந்தில் ஒன்று குறையும்.*

* காளை: "நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்த்தா. உங்க சூப்பர்வைசரு ஞாயித்துக்கிழமை அந்த வழியாத்தான் வண்டியில போவாரு. வந்தாருன்னா இருமுவோம்னு." இதைக் கேட்டபிறகு மேலே உள்ள பத்தியை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. நான் ஒருவரை எவ்வளவு தப்பாக எழுதக்கூடியவள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கதைக்கு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

(அ) செல்லத்தாய் கையெழுத்துப் போட மறுக்கிறாள். மீனா எங்கள் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, கிடங்கை மட்டும் எழுதிப் பட்டம் வாங்குகிறாள். வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. (நடக்கக்கூடியதுதான். ஆனால் அவர்கள் வீட்டில் எதைப் பற்றியும் பேசாமல் இருக்கமாட்டார்கள்.)

(ஆ) மீனாவின் ஏட்டை யாரோ படிக்கிறார். பதினேழு பேருக்கும் சர்வீஸ் திரும்பக் கிடைக்கிறது. ஒச்சம்மாளுக்குப் பதினாலு வருடம். (இது மூன்று பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. கதையில் சேர்க்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன்.)

6

புதன்கிழமை மதியம் மீனாவிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது:

'இடம்: கிடங்குக் கேன்டீன். செவ்வாய், சாப்பாட்டு நேரம்.
ஹலீனா, போலந்து, தொழிலாளர் குழுவில் இருப்பவர், இவர்தான் வாசித்தார்: ஜன்னல் ஓரம்.
யூசுப், சிரியா: காபி மெஷினுக்கு முதுகு காட்டி.
லின், வியட்நாம்: யூசுப்புக்கு எதிரே, நாற்காலியில் காலை மடக்கி.
அடாமா, செனகல்: நின்றுகொண்டே. பத்து நிமிடத்தில் ஷிப்டு.
நான்: ஹலீனாவின் இடது பக்கம்.
கேன்டீன் துடைக்கும் அம்மாள்: வாளியோடு, பக்கத்து மேசை ஓரம். முழுவதும் கேட்டார்.'

கீழே இன்னும் எழுதியிருந்தாள். முதல் பக்கம் வாசிக்கும்போதே யூசுப், லின், அடாமா மூவரும் அவரவர் ஒப்பந்தத்தைப் போனில் தேடி எடுத்தார்களாம். மூன்றிலும் முடிவுத் தேதி ஒன்றே. மீனாவின் தேதியும் அதுவே. அதற்கு அடுத்த மாதம்தான் குழுவுக்குத் தேர்தல், அதில் இவர்கள் ஓட்டுப் போட முடியாது. ஹலீனா நாலு தாளையும் நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். 'என்ன ஆகும்னு தெரியல. ஆனா நாலு பேரும் வெள்ளிக்கிழமை குழுவுக்கு முன்னாடி உக்காரப் போறோம். அம்மா, இது என் படிப்புலயே இல்ல.'

நூல் சுற்றும் கோன் வைண்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் போனை எடுக்க முடியாது. டீ நேரத்தில் கழிப்பறைச் சுவர் ஓரம் நின்று செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். விரல் விட்டு எண்ணினாள். சந்தோஷத்தில் அவள் முகம் என்னவோ ஆனது. உடனே நெற்றியைச் சுருக்கினாள்.

"வாசிச்சவ சேராது. அப்ப அஞ்சு. அஞ்சாவது யாரு?"

"தொடைக்கிற அம்மாள்."

"பேரு?"

"எழுதல."

"பேரு இல்லாத ஆள எப்படிச் சேக்கிறது? செல்லாதுன்னு அனுப்பு."

அனுப்பினேன். அந்த அம்மாள் கிடங்கின் ஆளே இல்லை, வெளி ஏஜென்சி ஆள், அதனால் பெயர் எவருக்கும் தெரியாது என்று மீனா பதில் போட்டாள். செல்லத்தாய் சொன்னதை அப்படியே எழுதினேன்: 'எவருக்கும் தெரியாதுன்னா அவகிட்டயே கேளு.'

வெள்ளிக்கிழமை இவ்வளவுதான் வந்தது. 'மிர்யானா. ஒன்பது வருசமா அங்கே தொடைக்கிறாங்க. பேரைக் கேட்டதும் வாளியைக் கீழே வச்சுட்டாங்க.'

7

மறு ஞாயிறு. ஆட்களும் இடங்களும் முன்போலவே. முனியாயியின் மடியில் இந்த முறை மொச்சை.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் இருந்தது. வாசித்தேன். 'ஆய்வேட்டில் என் உண்மைப் பெயரைப் பயன்படுத்தலாம்.' அடுத்தது, 'வேறு பெயர் பயன்படுத்த வேண்டும்.'

"ரெண்டாவதுல டிக் போடும்மா" என்றாள் மீனா. "உன் பேரை நான் ஏற்கெனவே மாத்திட்டேன். லதா."

"லதாவா? எவ அவ?"

"சும்மா ஒரு பேருதான். நம்ம நூலை வாங்குற கம்பெனிக்காரங்களே இதைப் படிக்கலாம். மில்லுக்குப் போயிரும்."

"எனக்கு என்ன பேரு வச்சிருக்க?" என்றாள் ஒச்சம்மாள்.

"நீங்க பெண் தொழிலாளி நாலு, பெரியம்மா."

"நாலா? முனியாயி எத்தனை?"

"மூணு."

"அவளுக்குப் பின்னாலயா நானு? பதினாலு வருச சர்வீஸுடி!"

சிரித்து முடிய நேரமானது. செல்லத்தாயும் சிரித்தாள். பிறகு அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கித் தரையில் வைத்தாள்.

"பேரில்லாத ஆளச் சேக்க முடியாதுன்னு நான்தான சொன்னேன்" என்றாள் மெதுவாக. எவரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. போனைப் பார்த்தும் சொல்லவில்லை.

"அது வேற, இது வேறம்மா. அங்க பேரைச் சொன்னா வேலை போகாது. இங்க போகும்."

"போகுந்தான்."

"அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

காளை ரோட்டைப் பார்த்தபடியே, "பேரு அவளுது பாப்பா. நீ சாப்பிட்டியா?" என்றார்.

செல்லத்தாய் பேனாவை வாங்கினாள். எந்தக் கட்டம் எது என்று மறுபடி ஒரு தடவை என்னைத் தொட்டுக்காட்டச் சொன்னாள். காட்டினேன். இடது கையைத் தாளின் மேல் குடை மாதிரி வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் குறி போட்டாள். கையெழுத்தைக் கையை எடுத்துவிட்டு, எல்லாரும் பார்க்கப் போட்டாள். மை காய ஊதினாள்.

எந்தக் கட்டம் என்று நான் பார்த்தேன். தாளை மடித்தவள் நான்.

உங்களுக்குச் சொல்ல முடியாது. இந்தக் கதையில் பெயர்களை நான் அந்தக் கட்டத்தின்படியே வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் என்று குறி போட்டிருந்தால் இங்கேயும் அவள் உண்மைப் பெயர்தான். வேறு பெயர் என்றால் செல்லத்தாய் என்பது நான் வைத்தது. கூடவே ஊரும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், முருங்கைக்கீரை அகத்திக்கீரையாகவும் இருந்திருக்கும். கட்டத்தைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகும். ஒரு தடவை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்தவள் நான். இந்தத் தடவை சொல்லக்கூடாத இடம் என்று தெரிந்து சொல்லாமல் இருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு கட்டத்தில் குறி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவளுக்கு வேலை போனால் உங்களுக்கு எப்படி இருக்கும், பெயர் போனால் எப்படி இருக்கும் என்று இரண்டையும் வாசித்துவிட்டுப் போடுங்கள்.

திங்கட்கிழமை எங்களுக்கு இரண்டாம் ஷிப்டு. காலை பஸ்ஸில் மதுரைக்கு வந்தோம், நானும் அவளும். கொட்டாம்பட்டி தபாலாபீசில் கொடுத்தால் யாராவது பார்ப்பார்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ் ஏறி, கோரிப்பாளையத்தில் சாலையைக் கடக்க முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, தல்லாகுளம் தபாலாபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால்.

கவருக்குள் படிவம் மூன்று பக்கம், என் திருத்தம் ஒரு பக்கம், முதல் ஞாயிறு எழுதிய 'வந்திருந்தவர்களும் உட்கார்ந்த இடமும்' ஒரு பக்கம். எடுத்து எண்ணிவிட்டு மறுபடி வைத்தேன். செல்லத்தாய் கோந்து தடவினாள். மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அழுத்திக்கொண்டு போனாள். நகம் வெளுக்கும் அளவுக்கு.

கவுண்டரில் இருந்த பெண் கவரைத் திருப்பிப் பார்த்தார். "ஃப்ரம் அட்ரஸ் இல்லையே. அனுப்புறவங்க பேரு வேணும்மா."

செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கட்டும் என்று நிதானமாக எழுதினேன்.

அனுப்புநர்: தாமரைச்செல்வி.

இந்தப் பெயரில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். இது என் பெயர்தான்.

எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் எடை போட்டு, பார்கோடு ஒட்டி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த தபால் பைகள் பக்கம் திரும்பி வீசினார். கவர் போய் விழுந்த இடத்தைச் செல்லத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"எழுதிக்க தாமர. சுவத்து ஓரம், மூணாவது பை."